உன் ஒரிஜினல்களை அனுப்பிவிட்டேன்

அன்புள்ள சீலனுக்கு,

உன் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகள் எல்லாம் இன்று மதியம் திருப்பதியில் உன் சிநேகிதி லாவண்யாவின் கையில் பத்திரமாகச் சேர்ந்துவிட்டன. கடிதத்தைப் பிரித்ததும் நீ தேடப்போவது அந்தச் செய்தியைத்தான் என்பதால், சுகம் விசாரிக்கும் முன்பே அதை எழுதிவிட்டேன். இனி நீ சாவகாசமாகப் படிக்கலாம். ஆண்டவர் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ "சொல்லும்மா" என்கிறாய். அதைக் கேட்டதும் எனக்குச் சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துபோகிறது. துன்னியா, தூங்குனியா, அங்கே மழையா என்று கேட்டு முடித்தவுடன் நம் இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடுகிறது. இரவு கணக்கு எழுதும்போது, நீ பேசின நாளென்றால் நோட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன். வைத்துவிட்டு, இன்று என்ன பேசினோம் என்று யோசித்தால் புள்ளிதான் இருக்கிறது, பேச்சு இல்லை. கடிதத்தில் அந்தக் கஷ்டம் கிடையாது. நடுவில் யாரும் "சரிம்மா, வச்சிடட்டுமா" என்று கேட்கமாட்டார்கள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் வருடம் முடிந்து, வேலை தேடிப் பெங்களூருக்குப் போகிற வழியில் நீ சித்தூரில் இறங்கினது நினைவிருக்கிறதா? தோளிலிருந்து பையை இறக்காமலே அந்தப் பழுப்புக் கவரை என்னிடம் நீட்டினாய். "ஹாஸ்டல் ரூம்ல வைக்க பயமா கீதும்மா. நீ வச்சிக்கினு இரு" என்றாய். பத்தாவது மார்க் லிஸ்ட்டிலிருந்து, கிர்கிஸ்தானில் வாங்கின பட்டம், இங்கே வந்து எழுதித் தேறின பரீட்சைச் சான்று, ஹவுஸ் சர்ஜன் முடித்த காகிதம் வரை நீ படித்ததெல்லாம் அதற்குள் இருந்தது. என் கல்யாணப் புடவைக்கு அடியில் பீரோவில் வைத்துப் பூட்டினேன். காப்பி போடுவதற்குள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாய்.

இரண்டு மாதம் கழித்து நீ கூப்பிட்டாய். வடக்கே மலைப்பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் உன்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள், ஆனால் பெர்மனென்ட் ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாமல் சேர முடியாது என்றாய். கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டு, விஜயவாடாவுக்கு நேரில் போய் ஒரிஜினல்களைக் காட்டினால்தான் மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டில் உன் பெயர் ஏறும், நம்பர் கிடைக்கும். அதுவரை நீ படித்தவனே தவிர டாக்டர் இல்லை. "கவரைக் கூரியர்ல போட்டுடும்மா" என்றாய். "கூரியர்ல தொலைஞ்சிட்டா இன்னா பண்றது? நீயே வந்து எடுத்துக்கினு போ கண்ணு" என்றேன். அடுத்த தடவை கேட்டபோது மழை என்றேன். அதற்கடுத்த தடவை கூரியர்க் கடை பூட்டியிருக்கிறது என்றேன். அந்தக் கடை நம் தெருமுனையில்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்பது உனக்கும் தெரியும். நீ கோபித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன். "சரிம்மா, மெதுவா அனுப்பு" என்றாய். அந்த "மெதுவா"வைப் பிடித்துக்கொண்டு நான் நாளைக் கடத்தினேன். அங்கே மலைப்பக்கத்தில் அவர்கள் உனக்காக ஒரு வேலையைக் காலியாக வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்கப் பார்த்தேன் என்பதுதான் சரி.

நீ ஏன் வரமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியாததில்லை.

நம் சபையின் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. யாருக்கு என்ன நன்மை நடந்தாலும் காணிக்கைக் கவருக்குள் ஒரு சீட்டு எழுதிப் போடுவோம். ஆராதனை முடிவதற்கு முன் போதகர் ஐயர் அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பார். பசு கன்று போட்டதற்காக, கழுத்தில் இருந்த கட்டி கரைந்ததற்காக, மருமகள் திரும்பி வந்ததற்காக. நீ பட்டத்தோடு வந்த முதல் ஞாயிறு என் சீட்டில் 'என் மகன் டாக்டரானதற்காக' என்று எழுதினேன். ஐயர் வாசித்துவிட்டு, "நம்ம டாக்டர் தம்பி எழுந்து நிக்கட்டும்" என்றார். நின்றாய். உட்காரும்போது என் காதுக்குள், "இன்னும் ஆகலம்மா. இங்க ஒரு பரீட்சை எழுதணும், அப்புறம் ஹவுஸ் சர்ஜன், அதுக்கப்புறம்தான் நம்பர்" என்றாய். "அது கவர்மென்ட்டுக்கு. கர்த்தருக்கு நீ ஆயிட்ட" என்றேன்.

அந்தச் சீட்டை எழுதினதற்கு நான் இன்றைக்கும் வருந்தவில்லை. கிடைத்ததற்கு நன்றி சொல்வதில் முன்கூட்டி, பிந்தி என்றெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் நீ முதல் தடவை எழுதின பரீட்சையில் தேறவில்லை. காணிக்கைக் கவரில் என் சீட்டு வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. நம் ஜனங்கள் வாசித்த சீட்டை மறந்துவிடுவார்கள், வராத சீட்டை மறக்கமாட்டார்கள். "இன்னா சீலன் அம்மா, டாக்டர் எப்போ கடை தொறக்கப் போறாரு?" என்று கோயில் வாசலில் கேட்பார்கள். பாதி கேலி, பாதி ஆசை. அவர்களுக்கும் தங்களுடையவன் என்று சொல்லிக்கொள்ள ஒரு டாக்டர் வேண்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பழகின ஜனம் அது.

அந்த இரண்டு பரீட்சைகளுக்கு நடுவில்தான் மோசே அண்ணனுக்கு அப்படி ஆனது. பக்கத்து வீடு, இடையில் ஒரே சுவர். மத்தியானம் அவர் மனைவி ரூத்து அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தாள். "சீலா, கொஞ்சம் வந்து பாருடா. நெஞ்ச புடிச்சிக்கினு குந்திக்கினு கீறாரு. வேர்த்து ஊத்துது" என்றாள். நீ போய் நாடி பிடித்துப் பார்த்தாய். என்னை ஆட்டோ கூப்பிடச் சொன்னாய். கடையில் ஒரு மாத்திரை வாங்கி வரச்செய்து அவரை மெல்லவைத்தாய். "இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும் அக்கா, ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது" என்றாய். அவள் கண்ணுக்கு அந்த மாத்திரை மருந்தாகவே படவில்லை. "ஒரு ஊசி போடுடா. டாக்டருக்குத்தானே படிச்ச?" என்று உன் கையைப் பிடித்தாள். "நான் போடக் கூடாது அக்கா. எனக்கு நம்பர் இல்ல. போடறதுக்கு மருந்தும் இங்க இல்ல" என்றாய். அப்போது நான் சொன்னேனே, "நம்ம ஜனம்தானேடா, யாரு வந்து கேக்கப் போறாங்க, போடு" என்று. ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு அண்ணனைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்து நீயும் ஏறிக்கொண்டாய். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உன் தோளிலேயே அவர் உயிர் போய்விட்டது.

அடக்கத்தன்று சபை முழுவதும் கேட்க ரூத்து அக்கா சொன்னாள்: "பக்கத்தூட்டுல டாக்டர வச்சிக்கினு என் ஊட்டுக்காரரு ரோட்டுல செத்தாரு." நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் செய்ய வேண்டியதைச் செய்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கே அன்றைக்கு அது நிச்சயமாகத் தெரியாது.

அதற்குப் பிறகு நீ திருப்பதியில் அறை எடுத்துப் படித்தாய். மூன்றாம் தடவை தேறினதும், "சீட்டு மட்டும் போடாதம்மா" என்றாய். போடவில்லை. காணிக்கையை மட்டும் வெறும் கவரில் வைத்தேன். ஐயர் கவருக்குள் பார்த்தார், ஒன்றும் எழுதியிருக்கவில்லை, அடுத்ததை எடுத்தார். சபைக்கு அது யாரோ ஒருவருடைய காணிக்கை. என் மகன் தேறினது அந்தக் கோயிலுக்குள் எனக்கு ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்தது. நம் பெஞ்சில் உன் நைனா உயிரோடு இருந்தபோது உட்கார்ந்த இடமும் உன் இடமும் காலியாகத்தான் இருக்கும். அன்றைக்கு அது இன்னும் அகலமாகத் தெரிந்தது. அதன் பின் நீ வீட்டுக்கு வருவதெல்லாம் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகுதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டம்ளர் உருண்டாலும் உன் முகம் மாறிப்போகும்.

உன் நைனா பஸ் ஓட்டின காலத்தில் ஒன்று சொல்வார். அவருடைய தம்பி லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுக்காமல் ஓட்டினான். "எனக்குத்தான் நல்லா ஓட்ட வருதே, அந்த அட்டை எதுக்கு?" என்று அவன் கேட்டதற்கு உன் நைனா, "லைசென்ஸுன்னா ஓட்டத் தெரியும்னு அர்த்தம் இல்லடா. இடிச்சா இன்னாருன்னு புடிக்கிறதுக்குத்தான் அது" என்றார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். இப்போது யோசித்தால் உன் நம்பரும் அதேதான். வைத்தியம் உனக்கு மோசே அண்ணன் போன அன்றைக்கே தெரிந்துதான் இருந்தது. ஆனால் ஒரு தப்பு நடந்தால் இன்னார் செய்தார் என்று பிடிக்க ஒரு இடம் வேண்டாமா? அந்த இடத்தில் வந்து நிற்க ஒத்துக்கொள்கிறவனுக்குத்தான் நம்பர் தருகிறார்கள் போலிருக்கிறது. அன்றைக்கு உனக்கு அப்படி நிற்க ஒரு இடம் இல்லை. நான் உன்னை அந்த இல்லாத இடத்தில் நிற்கச் சொன்னேன்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். உன்னிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. ரேடியோவும் போடவில்லை. மூன்றாம் நாள் காலையில் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் ரூத்து அக்கா, கையில் கஞ்சித் தூக்கு. அண்ணன் அடக்கத்துக்குப் பிறகு அவள் நம் வாசற்படி மிதித்தது அதுதான் முதல் தடவை.

"சுவத்துக்கு இந்தாண்ட ரெண்டு நாளா சத்தமே இல்ல. செத்துட்டியோன்னு பாக்க வந்தேன்" என்றாள்.

"சாவல. சுரம்தான்."

"அப்போ துன்னு" என்று கஞ்சியை ஊற்றிக் கொடுத்து எதிரில் உட்கார்ந்தாள். நான் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கி வைத்தாள். பிறகு, "உன் புள்ளைக்கு நம்பர் வந்துச்சாமே?" என்றாள்.

"இல்லக்கா. ஒரிஜினல் எல்லாம் இங்க கீது. அத்த எடுத்துக்கினு போயி விஜயவாடாவுல காட்டணும்."

"அனுப்ப வேண்டியதுதானே?"

"வந்து எடுத்துக்கினு போவட்டும்னு பாத்தேன்."

அவள் திரும்பிப் பீரோவைப் பார்த்தாள். "அவன் வர மாட்டான்மே. நான் இந்த ஊட்டுல கீற வரைக்கும் வர மாட்டான். அது உனக்கும் தெரியும். தெரிஞ்சிக்கினுதான் அத்த புடிச்சி வச்சிக்கினு அவன இஸ்த்துப் பாக்கிற" என்றாள். தூக்கின் மூடியை அழுத்தி மூடினாள். "நான் அன்னிக்கு வாயால அவன் பேர கெடுத்தேன். நீ கையால அவன் பொழப்ப கெடுக்காத."

எனக்கு அழுகை வந்தது. அவளை மன்னித்துவிட்டேன் என்றும் சொல்ல வரவில்லை, என்னை மன்னித்துக்கொள் என்றும் சொல்ல வரவில்லை. "அவன் மேல தப்பில்லன்னு இப்போ தெரியுதாக்கா?" என்று மட்டும் கேட்டேன். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பெரியாஸ்பத்திரில கேட்டேன். ஊசி போட்டிருந்தாலும் நிக்காதுன்னாங்க. தெரியுது. ஆனா படுத்தா, ஒரு ஊசி போட்டிருந்தா பொழச்சிருப்பாருன்னுதான் தோணுது. தோணுறத நான் இன்னா பண்ணுவேன் சொல்லு." இதை உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன். உன்னை அவள் விட்டுவிட்டாள் என்றும் எழுத முடியவில்லை, விடவில்லை என்றும் எழுத முடியவில்லை. அவள் துக்கம் அவளுடையது. அதற்கு நீ வாடகை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

காய்ச்சல் விட்டதும் லாவண்யாவுக்குப் போன் செய்தேன். உன்னோடு ஹவுஸ் சர்ஜன் செய்த பெண், நல்ல பெண். அவளும் விஜயவாடாவுக்கு நீ போகிற அன்றைக்கே போகிறாள், அங்கேயே உன் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றாள். கூரியர் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நான் சொன்னதில் கொஞ்சம் நிஜமும் உண்டு. இன்று காலை பஸ் ஏறினேன். பாகாலா, சந்திரகிரி என்று வழி முழுவதும் கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெலுங்கு அம்மாள், என்ன அப்படிப் பிடித்திருக்கிறாய், நகையா என்று கேட்டாள். பிள்ளையின் டாக்டர் சர்ட்டிபிகேட் என்றேன். "அப்போ மலையேறி சாமிக்குக் காட்டப் போறியா?" என்றாள். இல்லை, காட்ட வேண்டியவருக்கு ஏற்கெனவே காட்டிவிட்டேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

ஆஸ்பத்திரி கேன்டீனில் லாவண்யா என்னை உட்காரவைத்து, "மீரு தின்னாரா ஆன்ட்டி?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இட்லி வாங்கி வந்தாள். கவரைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எல்லாம் இருக்கிறது என்றாள். அப்புறம் உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். தெலுங்கு பாதி, தமிழ் பாதி. கேஷுவல்ட்டியில் யாராவது கூட வந்தவர்கள், ஊசி போடு ஊசி போடு என்று கத்தினால், நீ அவர்கள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, ஏன் ஊசி வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்வாயாம். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "ஏம் பாபு, இது கேஷுவல்ட்டியா, சர்ச்சா?" என்று திட்டுவாராம். அப்படியும் நீ எழுந்திருக்கமாட்டாயாம். அதைச் சொல்லி அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சீலா, இந்தக் கடிதத்தில் உனக்கு ஒரு புத்திமதி எழுத வேண்டும் என்று வெகு நாளாக வைத்திருந்தேன். நைனா போன அன்று நீ கிர்கிஸ்தானில் இருந்தாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டாக்டர் நடந்துகொண்டே என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, நடந்துகொண்டே போய்விட்டார். அவர் என்ன சொன்னார் என்று புரிவதற்குள் அவருடைய முதுகுதான் தெரிந்தது. அதனால், கெட்ட செய்தி சொல்லும்போது உட்கார்ந்து சொல், இல்லை என்று சொல்வதையும் உட்கார்ந்து சொல் என்று எழுத நினைத்திருந்தேன். அதை நான் சொல்லாமலே நீ செய்துகொண்டிருக்கிறாய். சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில், இனி உனக்குச் சொல்ல என்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று தேடினேன். வேளைக்குத் துன்னு என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. அந்த மலைப்பக்கத்தில் குளிர் அதிகமாம், நைனாவின் கம்பளிச் சட்டையையும் கட்டிக் கவரோடு லாவண்யாவிடமே கொடுத்திருக்கிறேன். நீளம் கொஞ்சம் குறையும். உள்ளே போட்டுக்கொண்டால் தெரியாது.

இன்னும் ஒன்றே ஒன்று. உன் விண்ணப்பத்தின் நகலை லாவண்யா அவள் போனில் எனக்குக் காட்டினாள். ஐந்தாவதோடு நின்ற நான், உன் பழைய புத்தகங்களை வைத்து எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்ட ஆங்கிலம் அதற்கு உதவியது. நிரந்தர முகவரி என்கிற இடத்தில் நம் வீட்டு எண்ணையும் நம் தெருவையும் போட்டிருக்கிறாய். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் காத்திருந்தாள். பிறகு அவளிடம், இந்த முகவரி எதற்கு என்று கேட்டேன். பதிவு முடிந்ததும் சர்ட்டிபிகேட் தபாலில் அங்கேதான் வரும் ஆன்ட்டி என்றாள்.

மகனே, அதை மாற்றிவிடு. விஜயவாடாவில் திருத்திக்கொள்ளலாமாம், கேட்டு வைத்திருக்கிறேன். நீ வேலைக்குப் போகிற ஊரின் முகவரியைப் போடு, இல்லை, பெங்களூரில் உன் சிநேகிதன் வீட்டைப் போடு. நீ நம் வீட்டு எண்ணை எழுதினதே எனக்குப் போதும், அதைப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்தக் காகிதம் இங்கே வர வேண்டாம். தபால்காரர் அதை என் கையில் கொடுத்தால், நீ எத்தனை தடவை கேட்டாலும், வந்து எடுத்துக்கொண்டு போ என்றுதான் சொல்வேன். இன்று அனுப்ப முடிந்தது. இன்னொரு தடவை என்னால் முடியாது.

உனக்காக ஜெபிக்கிற
அம்மா